வானம் நகரட்டும், விடுங்கள்

‘யூடியூபில் ஒருவர் வெறும் டிரைபாடில் கேமராவை வைத்து ஓரியன் நெபுலாவை எடுத்துக் காட்டுகிறார். நான் எடுத்தால் கறுப்புப் படத்தில் நாலு வெள்ளைப் புள்ளிதான் வருகிறது. வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வாங்கினால்தான் முடியுமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தன்னிடம் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அது போதும். யூடியூப்காரர் காட்டியது ஒரு படமல்ல. அநேகமாக நூறு, இருநூறு படங்களின் சராசரியாக இருக்கும். அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் வீடியோவை யார் பார்ப்பார்கள்?

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால், ஒரு பிக்சலுக்கு அகப்படும் வானம் சுமார் 16 வில்நொடி. அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஒரு பிக்சல் நகர்கிறது. ஓரியனின் இடைப்பட்டை வான நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால், வானத்தில் மிக வேகமாக நகரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. நட்சத்திரம் இழுபடாமல் எத்தனை நொடி எடுக்கலாம் என்பதற்கு ‘500 விதி’ என்று ஒன்று சொல்வார்கள். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, ஏபிஎஸ்-சி என்றால் இன்னொரு முறை 1.5-ஆல் வகுக்க வேண்டும். நம் லென்ஸுக்கு 6.7 நொடி வரும். அதை நம்பி எடுத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஆறேழு பிக்சலுக்கு இழுபட்டிருக்கும். 4 நொடியோடு நிறுத்துங்கள்.

அந்த 4 நொடியிலும் நெபுலாவின் ஒளி வரத்தான் செய்கிறது. இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடப்பதால் தெரிவதில்லை. ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை, சென்சாரைப் படிக்கும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் தடுமாறும், சூடும் சேர்ந்துகொள்ளும். பல படங்களைச் சராசரி எடுத்தால் ஒளி அப்படியே நிற்கும், இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 100 படங்களில் பத்தில் ஒரு பங்கு. அதை மறுபடி பாதியாக்க 400 படங்கள் வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தூக்கம்தான் நஷ்டம்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் நடக்கிறது, நூறு பேர் நூறு மூலையிலிருந்து செல்போனில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குழந்தை அழுகிறது. இன்னொன்றில் எவர்சில்வர் தட்டு விழுகிறது. மற்றொன்றில் பெரியப்பா, ‘பந்தி ஆரம்பிச்சாச்சா?’ என்கிறார். தவில் அடியை வைத்து நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் நாதஸ்வரம் நிற்கும், பெரியப்பா நூறில் ஒரு பங்காகிவிடுவார். தட்டுச் சத்தம் ஒரே ஒரு பதிவில் மட்டும் உரக்க இருப்பதால், மென்பொருள் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிடும். வானத்தில் விமானமும் செயற்கைக்கோளும் இப்படித்தான் காணாமல் போகின்றன. மண்டபத்து ஜெனரேட்டரோ எல்லாப் பதிவிலும் ஓடுகிறது, அது போகாது. ஊர் விளக்குகளின் வெளிச்சம் அந்த வகை. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மிடம் இருப்பது நூறு போன் அல்ல, ஒன்றுதான். வித்வான் அதே கீர்த்தனையை இம்மி பிசகாமல் நூறு தடவை வாசிக்க வேண்டும். எந்த வித்வானும் ஒப்பமாட்டார், ஓரியன் ஒப்பும். ஆனால் அந்த ஒரே போனுக்கென்று ஒரு ‘கொர்’ இருக்குமே, அது நூறு பதிவிலும் ஒரே மாதிரி இருக்கும். மற்ற சத்தமெல்லாம் அடங்கிய பிறகு அதுதான் துல்லியமாகக் கேட்கும்.

கேமராவிலும் அந்தக் ‘கொர்’ உண்டு. சில பிக்சல்கள் இருட்டிலும் சிவப்பாகவோ நீலமாகவோ எரிந்துகொண்டிருக்கும்; சில பகுதிகள் எப்போதும் சற்று மங்கலாக இருக்கும். நட்சத்திரத்தை ஒரே பிக்சலில் பிசகாமல் பிடித்து வைத்திருக்கும் விலையுயர்ந்த டிராக்கரில், எரியும் பிக்சலும் எல்லாப் படத்திலும் நெபுலாவின் அதே இடத்தில்தான் விழும். டிரைபாடில் அப்படி இல்லை. 100 படங்கள் எடுத்து முடிப்பதற்குள் ஓரியன் 370 பிக்சலுக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். மென்பொருள் நட்சத்திரங்களுக்கிடையே உள்ள முக்கோணங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைக்கிறது. இப்போது நட்சத்திரங்கள் நின்றுவிட்டன, எரியும் பிக்சல்தான் படத்துக்குப் படம் நான்கு பிக்சல் தள்ளித் தள்ளி விழுகிறது. எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு படம் ‘இங்கே சிவப்பு’ என்கிறது, மீதி 99-ம் இல்லை என்கின்றன. அந்த ஒன்றின் சாட்சி எடுபடாது. எந்த நகர்வைச் சபித்துக்கொண்டிருந்தோமோ அதுவே கேமராவின் குறையைத் துடைத்துவிடுகிறது. எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த விஷயம் இதுதான். டிராக்கர்காரர்கள் இதே பலனுக்காக, சில படங்களுக்கு ஒருமுறை கருவியை வேண்டுமென்றே அசைக்கிறார்கள். ‘டிதரிங்’ என்று அதற்குப் பெயர்.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஓரியன் நெபுலாவை முதலில் புகைப்படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30-ல், 51 நிமிட எக்ஸ்போஷரில். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி சப்தரிஷி மண்டலத்தின் ஒரு மூலையைப் பத்து நாள் உற்றுப் பார்த்து எடுத்த ‘டீப் ஃபீல்டு’ படமும் 342 எக்ஸ்போஷர்களின் அடுக்குதான். நடுநடுவே தொலைநோக்கியை மயிரிழை நகர்த்தியும் எடுத்தார்கள். அந்த நகர்வைப் பயன்படுத்தி நுணுக்கத்தை மீட்க உருவான ‘டிரிஸில்’ கணக்கு, இன்று டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்களில் ஒரு பொத்தானாக இருக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகர்வு ஒரே திசையில் இருப்பதால், தள்ளிவிடும் அளவுக்குப் பிரகாசமில்லாத மங்கல் திட்டுகள் அந்தத் திசையிலேயே இழுபட்டுச் சாய்வான கோடுகளாகிவிடும். 25 படத்துக்கு ஒருமுறை ஓரியனைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவாருங்கள்; அப்போது கேமராவைக் கொஞ்சம் மேலே, அடுத்த முறை கொஞ்சம் கீழே என்று மாற்றி வையுங்கள். கடைசியில் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில், அதே 4 நொடியில் இருபது இருட்டுப் படங்கள் எடுத்து மென்பொருளிடம் கொடுங்கள். போனின் ‘கொர்’ரைத் தனியாகப் பதிந்து கழிக்கிற வேலை அது.

ரா கோப்பாக எடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பக்கத்திலேயே சிரியஸ் இருக்கிறது. திரையில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும்வரை கையால் ஃபோகஸ் திருப்புங்கள். படங்களை அடுக்கும் ‘ஸ்டாக்கிங்’ முடிந்ததும் வரும் படம் பழையபடி கறுப்பாகத்தான் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். சராசரி எடுத்தால் படம் பிரகாசமாகாது, சுத்தமாகும், அவ்வளவுதான். பிறகு ‘கர்வ்ஸ்’ போட்டு இருட்டுப் பகுதியை மேலே இழுக்கும்போதுதான் நெபுலா எழுந்து வரும். தனிப் படத்தை அப்படி இழுத்துப் பாருங்கள், மணல்தான் எழும்.

செல்போன் விளம்பரங்களைப் பற்றியும் அந்த வாசகர் கேட்டிருக்கிறார். 2019-ல் வந்த பிக்சல் 4 இதே வேலையை நேர்மையாகத்தான் செய்தது: ஸ்டாண்டில் வைத்தால் 16 நொடி வரையிலான படங்கள், அதிகபட்சம் 15, நாலு நிமிடத்தில் அடுக்கித் தரும். 2023-ல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்தபோது, படத்தில் இல்லாத பள்ளங்கள் நிலாவில் முளைத்தன. அது வேறு ஜாதி. ஸ்டாக்கிங் லென்ஸுக்குள் வந்த ஒளியை மட்டுமே காட்டும், வராததை வரையாது. சென்னை நடுவில் நின்று 1,000 படங்கள் எடுத்தாலும் ஜவ்வாது மலை வானம் கிடைக்காது.

டிராக்கர் வாங்குவதா என்றால், தனிப் படத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வேண்டும் என்று தோன்றும்போது வாங்கலாம். ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரியாக நிறுத்த வேண்டும். நம் ஊரில் அது கன்னியாகுமரியில் 8 டிகிரி, சென்னையில் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. முதலில் மொட்டை மாடிக்குப் போய், வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை எங்கே கட்டியிருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள்.