உபகிரகமும் உடன்பாடும்

மாணாக்கர் நிர்மாணித்த செயற்கைக் கோள் ஒன்று ராக்கெட்டிலேறி வானம் புகுந்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் பெருமிதம் கொள்ளுகிறார்கள். பெருமிதம் கொள்ளத்தக்க விஷயந்தான். ஆயினும் ராக்கெட்டைச் செலுத்தியவர்கள் மாணாக்கர் அல்லர். அது அனுபவம் முதிர்ந்த நிபுணர்களின் வேலை. மாணாக்கரின் வேலை அதற்குப் பல மாதங்கள் முன்னரே, ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரோடொருவர் வழக்காடி முடிந்துவிட்டது. அந்த வழக்கு நன்கு தீர்ந்ததா என்பது ராக்கெட் எழும்பும் போது தெரியாது. கோள் தன் பாதையை அடைந்து வாய் திறந்து பேசும்போதுதான் தெரியும். இந்த மேஜை வேலையைப் பற்றி நேயர்களிடம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இவ்வேலைக்கு எஞ்ஜினீயர்கள் ‘சிஸ்டம்ஸ் எஞ்ஜினீயரிங்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு யந்திரத்தின் உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று இணங்கி ஒரே உடம்பாக வாழும்படி செய்யும் சாஸ்திரம் என்று அதைக் கூறலாம். மகாநாடு கூட்டிப் பழகியவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பந்தல் கமிட்டி திறமையுள்ளது. ஊர்வலக் கமிட்டியும் திறமையுள்ளது. ஆனால் ஊர்வலம் வரவேண்டிய வழியிலேயே பந்தற்கால் நடப்பட்டிருந்தால், இரு திறமைகளும் சேர்ந்து ஒரு குழப்பத்தைத்தான் விளைவிக்கும். பூமியில் பந்தற்காலைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிடலாம். வானத்தில் பிடுங்குவார் இல்லை.

உலகத்துக் கல்லூரிகளில் மிகுதியும் வழங்கும் சிறு கோளின் அளவு, 1999-ம் வருஷம் அமெரிக்காவில் ஜோர்டி புயிக்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரு ஆசிரியர்கள் வகுத்தது. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம். எடை முதலில் 1 கிலோவுக்கு மேற்படலாகாது. ‘க்யூப்ஸாட்’ என்பது இதன் பெயர். இந்தச் சின்னஞ்சிறு பெட்டியின் வரவு செலவுக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

காற்று மண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் வெயிலின் வலிமை சுமார் 1,360 வாட். பெட்டியின் ஒரு முகத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 13.6 வாட் கிடைக்கும். நல்ல சூரியத் தகடு இதில் நாலில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் என்று கொண்டால், மிஞ்சுவது 3.4 வாட். தாழ்ந்த பாதையில் செல்லும் கோள் பூமியை ஒரு முறை சுற்றச் சுமார் 95 நிமிஷமாகிறது. அதில் ஏறத்தாழ 35 நிமிஷம் பூமியின் நிழலில் கழியும். ஆகவே ஒரு முகம் எப்போதும் சூரியனையே நேராக நோக்கினாலுங்கூட, சராசரி வருமானம் 2 வாட்டுக்குச் சற்றே அதிகம். இந்த வருமானத்தில் கணிப்பொறி வாழ வேண்டும். ரேடியோ பேச வேண்டும். காமிரா விழிக்க வேண்டும். குளிரில் பாட்டரி உறைந்து போகாமல் காக்கவும் வேண்டும். 1 வாட் ஒலிபரப்பும் ரேடியோ ஒன்றே, பேசுகிற நேரத்தில் 3 வாட் விழுங்கிவிடக்கூடும்.

பேச்சுக்கும் இவ்வாறே கணக்குண்டு. ஒரு முறை தலைக்குமேல் கடந்து செல்லும் கோள் நமக்கு எட்டுவது சுமார் 10 நிமிஷம். வினாடிக்கு 1,200 பிட் அனுப்பும் எளிய ரேடியோவால் அந்த நேரத்தில் இறக்கக் கூடியது 90,000 பைட். காமிராக் குழுவினர் 10 லட்சம் பைட் உள்ள படமொன்றை விரும்பினால், அந்த ஒரு படம் தரையிறங்கக் கோள் 11 முறைக்கு மேல் கடந்து போக வேண்டும். காமிராவைத் தேர்ந்தெடுத்தவர் மீது குற்றமில்லை. ரேடியோவைத் தேர்ந்தெடுத்தவர் மீதும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்க ஆளில்லாததுதான் குற்றம். அந்த ஏட்டை வைத்திருந்து, ‘உமக்கு இவ்வளவுதான்’ என்று நண்பர்களிடமே கண்டித்துச் சொல்லும் கடினமான உத்தியோகமே சிஸ்டம்ஸ் எஞ்ஜினீயருடையது.

நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இன்னொன்றையும் எளிதில் உணர்வார்கள். சகோதரர்கள் ஒற்றுமையாக இருக்கும்போதே பாகப் பத்திரம் எழுதிக்கொள்ளுவது நல்லது. மனம் வேறுபட்ட பின் எழுதப் புகுந்தால் வரப்புக்கு வரப்பு வியாஜ்யம் முளைக்கும். உபகிரகத்திலும் ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு பத்திரம் வேண்டும். இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்குச் செல்லும் கம்பிகள் எத்தனை, எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட், எந்தத் திருகாணி எந்தத் துவாரத்தில், முதலில் பேசுவது யார், பதில் வராவிட்டால் எத்தனை வினாடி காத்திருப்பது என்று எழுதி, இரு சாராரும் கையெழுத்திட வேண்டும். எல்லைத் தகராறுகள் கண்ணுக்குத் தெரியாமலும் வரும். சூரியத் தகடுகளில் ஓடும் மின்சாரம் தானே ஒரு சிறு காந்தமாகி, திசையறியும் காந்தமானியை ஏமாற்றிவிடக்கூடும். மின்சாரக் குழுவும் திசைக் குழுவும் தனித்தனி அறைகளில் வேலை செய்தால் இதை யார் கண்டுபிடிப்பது?

இனி மெய்யாக நடந்ததொன்றைக் கூறுவோம். ஐரோப்பாவின் பல தேசங்களில் சிதறிக் கிடந்த சர்வகலாசாலைகளின் 23 மாணாக்கர் குழுக்கள், பெரும்பாலும் இண்டர்நெட் மூலமே கலந்தாலோசித்து, ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனத்தின் ஆதரவில் ‘செட்டி எக்ஸ்பிரஸ்’ என்ற கோளைச் செய்தார்கள். எடை 62 கிலோ. உறுப்புக்களை ஹாலந்து தேசத்தில் ஒன்றுசேர்த்தார்கள். 2005-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி ரஷ்யாவின் பிளெஸெட்ஸ்க் தளத்திலிருந்து அது சென்றது. டென்மார்க்கில் இருந்த தரை நிலையம் அதன் குரலைக் கேட்டது. தன் வயிற்றில் சுமந்து சென்ற மூன்று க்யூப்ஸாட்டுகளையும் அது வெளியே விட்டது. பாஷை வேறு, பழக்கம் வேறு, பாடத்திட்டம் வேறாயிருந்த இளைஞர்கள் இவ்வளவு சாதித்தது சாமானியமன்று.

ஆனால் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் கழிந்ததும் அதன் குரல் அடங்கிற்று. மின்சாரப் பகுதியில் நேர்ந்த கோளாறினால், சூரியத் தகடுகள் ஈட்டிய மின்சாரம் பாட்டரியைச் சென்று சேரவில்லை. கையிருப்புத் தீர்ந்ததும் கோள் உறங்கிவிட்டது. காமிரா கெட்டிருந்தால் காமிரா மட்டுமே கெட்டிருக்கும். மின்சாரம் நின்றதால் 23 குழுக்களின் உழைப்பும் ஒருங்கே நின்றது. எல்லோரும் நம்பியிருக்கும் உறுப்பு எதுவோ அதற்கே மாற்று வழியும், கடுமையான சோதனையும், தாராளமான காலமும் முதலில் ஒதுக்க வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது. ‘இது கெட்டால் எதெது சாகும்?’ என்று ஒவ்வோர் உறுப்பையும் சுட்டிக் கேட்கும் கேள்வியே இந்தச் சாஸ்திரத்தின் மூல மந்திரம்.

அந்த வயிற்றிலிருந்து வெளிவந்த மூன்றில் ஒன்று, டோக்கியோ சர்வகலாசாலை மாணாக்கர் செய்தது. தாய் உறங்கிய பின்னும் அச்சேய் வருஷக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தது. அதன் மூத்த இரட்டை 2003-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி அதே பிளெஸெட்ஸ்கிலிருந்து சென்று, அதுவும் நெடுங்காலம் பேசிற்று. அவர்கள் அதிகமாக ஆசைப்படவில்லை. திசை திருப்பச் சிக்கலான யந்திரம் வைக்காமல் நிலைக் காந்தத்தையே நம்பினார்கள். கடையில் விற்கும் சாதாரண உறுப்புக்களை வாங்கி, அவற்றைச் சோதித்துச் சேர்த்தார்கள். ஆசையைச் சுருக்குவது கோழைத்தனமன்று. கையிருப்பை அறிந்தவனின் விவேகம்.

நமது தேசத்திலும் இம்முயற்சி நடந்து வருகிறது. சென்னை அண்ணா சர்வகலாசாலையின் 40 கிலோ ‘அனுசாட்’ 2009-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. இந்தியச் சர்வகலாசாலை ஒன்று, இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு செய்த முதற்கோள் அது. அடுத்த வருஷம் ஜூலை 12-ந் தேதி, கர்நாடகத்தையும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தையும் சேர்ந்த 7 கல்லூரிகளின் மாணாக்கர் கூடிச் செய்த, 1 கிலோவுக்கும் குறைந்த ‘ஸ்டட்சாட்’ சென்றது. அதற்குப் பின் பல கல்லூரிகள் இவ்வழியில் இறங்கியிருக்கின்றன. இனி இறங்கப்போகிறவையும் பல.

கல்லூரிக்கென்றே ஒரு தனி இடையூறு உண்டு. தொழிற்சாலையில் ஓர் எஞ்ஜினீயர் பத்து வருஷம் தங்குவார். கல்லூரியிலோ வேலை கற்ற மாணாக்கன் பட்டம் பெற்றுப் போய்விடுகிறான். அவன் மூளையில் மட்டும் இருந்த விஷயம் அவனோடு ரயிலேறிவிடுகிறது. அடுத்து வருகிறவன் இந்தக் கம்பி ஏன் இங்கே வந்தது என்று அறியாமல் அதை மாற்றுகிறான். ஆகையால் முடிவை மட்டுமன்றி முடிவின் காரணத்தையும் எழுதி வைப்பது கல்லூரிக் கோளுக்கு உயிர்நிலை. எழுதுவது குமாஸ்தா வேலையென்று இகழும் வழக்கம் நம் எஞ்ஜினீயரிங் மாணாக்கரிடையே இருக்குமாயின், அது ஒழிய வேண்டும்.

கல்லூரிகளை நடத்துவோரிடமும், அவற்றுக்குப் பொதுப் பணம் வழங்குவோரிடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டுமென்பது நமது கட்சி. எடை, மின்சாரம், பேச்சு மூன்றின் கணக்கையும் வைத்திருந்து, மறுக்கும் அதிகாரமும் உடைய ஒருவர் முதல் நாளிலிருந்தே நியமிக்கப்பட்டிருக்கிறாரா? எல்லைப் பத்திரங்கள் கையெழுத்தாகியிருக்கின்றனவா? கோள் முழுவதையும் ஒன்றுசேர்த்து, தரை நிலையத்தின் ரேடியோ மூலமே கட்டளையிட்டு, வெயிலும் நிழலும் மாறி மாறி வருவதுபோல் நாட்கணக்கில் இயக்கிப் பார்த்தார்களா? கடைசியாக, அது பேசாமற் போனால் ஏன் பேசவில்லையென்று அச்சிட்டு வெளியிடுவார்களா?

இவற்றுள் நான்காவதையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். ராக்கெட் புறப்பட்ட நாளில் விழா எடுத்துவிட்டு, கோள் பேசாத செய்தியை மூடி வைத்தால், அடுத்த கல்லூரி அதே பள்ளத்தில் விழும். அதற்கும் நாமே பணம் கொடுப்போம். மாணாக்கர் செய்யும் கோளின் நோக்கம் வானத்தில் ஒரு பெட்டியை வைப்பதோடு முடிவதில்லை. தன் பங்கைக் குறைத்துக்கொண்டு முழுமையைக் காக்கத் தெரிந்த எஞ்ஜினீயர்களைத் தேசத்துக்கு அளிப்பதே அதன் நோக்கம். பேசாத கோளும் அத்தகைய எஞ்ஜினீயர்களை அளிக்க முடியும். அதன் மௌனத்துக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், அவ்வளவே. ஆகவே விழா எடுப்பவர்கள் கோள் பேசிய பின் எடுக்கட்டும். பேசாவிட்டால் அறிக்கை வெளியிடட்டும்.