உயிராற்றல் வேளாண்மையின் கால ஒழுங்கும் தமிழ்நிலப் பருவங்களும்

முன்னுரை

1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அன்றைய ஜெர்மனியின் சைலேசியப் பகுதியைச் சேர்ந்த கோபர்விட்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஸ்டெய்னர் வேளாண்மை குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. மண்வளமும் விதைத்தரமும் குன்றி வருவதாகக் கவலையுற்ற பண்ணையாளர்களின் வேண்டுகோளை ஏற்று ஆற்றப்பட்ட உரைகள் அவை. ஸ்டெய்னர் மறு ஆண்டே மறைந்தார். எனவே, பயோடைனமிக் என்றும் தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்றும் வழங்கப்பெறும் முறை, பெரிதும் அவருக்குப் பின்வந்தோரால் நடைமுறை வடிவம் பெற்றதாகும். தமிழில் இம்முறையைப் பற்றி எழுதுவோர் அதன் கால ஒழுங்கை ஒரே நாட்காட்டியாகக் கொள்கின்றனர். உண்மையில் அதனுள் தனித்தனி அடிப்படையுடைய மூன்று காலக் கணக்குகள் உள்ளன. இடம் மாறும்போது அவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கொம்பும் பருவமும்

முதற்கணக்கு பருவத்தைச் சார்ந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பி இலையுதிர்காலத்தில் மண்ணில் புதைத்து, குளிர்காலம் கழிந்ததும் எடுப்பது 500 எனப்படும் கொம்புச்சாண உரம். அரைத்த படிகக்கல்லைக் கொம்பில் இட்டு வேனிலில் புதைத்து எடுப்பது 501 எனப்படும் கொம்புச்சிலிக்கா. இந்திய நடைமுறையில் ஓர் ஏக்கருக்கு முன்னதில் 25 கிராமும் பின்னதில் ஒரு கிராமும் ஏறத்தாழ 13 லிட்டர் நீரில் சேர்க்கப்படுகின்றன. ஒருபுறமாகச் சுழி உண்டாகும்வரை கலக்கி, உடனே எதிர்ப்புறமாகத் திருப்பி, இவ்வாறு ஒரு மணிநேரம் கலக்குதல் வேண்டும். சாணக்கரைசல் மாலையில் நிலத்தின்மீதும், சிலிக்காக் கரைசல் காலையில் இலைகளின்மீதும் தெளிக்கப்படும். 502 முதல் 507 வரையுள்ளவை மட்கு உரத்துடன் சேர்க்கப்படுவன. அவற்றுள்ளும் பருவம் பேசுகிறது. யாரோ என்னும் செடியின் பூக்களை ஆண்மானின் சிறுநீர்ப்பையில் அடைத்து வேனில் முழுதும் வெயிலில் தொங்கவிட்டு, பின் குளிர்காலம் முழுதும் மண்ணுள் வைப்பர்.

இவ்வொழுங்கிற்கு ஸ்டெய்னர் கூறிய காரணம், குளிர்காலத்தில் நிலம் வெளியே உறங்கினும் உள்ளே மிகுதியான உயிர்ப்புடன் இருக்கிறது என்பது. மேற்பரப்பு உறைந்து, மரம் இலையுதிர்ந்து, உழவுப்பணி ஓய்ந்திருக்கும் மத்திய ஐரோப்பிய நிலத்தைக் கண்முன் கொண்டு சொல்லப்பட்ட கருத்து இது. தென்னரைக்கோளத்து ஆஸ்திரேலியாவில் திங்கள்களைத் தலைகீழாக மாற்றிக்கொண்டனர். அங்கும் குளிர்காலம் என ஒன்று உண்டாதலின் சிக்கல் எழவில்லை.

தமிழ்நிலத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் பொதுவாகச் செப்டம்பர்–அக்டோபரில் கொம்பைப் புதைத்து பிப்ரவரி–மார்ச்சில் எடுக்கின்றனர். உரையாசிரியர் மரபுவழி நாம் கொள்ளும் ஆறு பெரும்பொழுதுகளில் அக்காலம் காரின் இறுதியில் தொடங்கி, கூதிரையும் முன்பனியையும் கடந்து பின்பனியில் முடிகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் நிற்பதும் அப்போதுதான். நிலம் ஓய்ந்து கிடப்பது கோடையிலேயே. ஆகவே, 'குளிர்காலம்' என்ற சொல்லைப் பெயர்த்தவுடன் அதன் பொருளும் பெயர்ந்துவிட்டதாகக் கருதுவதற்கில்லை. இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. நீர் தேங்கிய குழியில் காற்றோட்டம் அற்றுப்போவதால் சாணம் மட்காமல் பசுமை நிறமும் நாற்றமும் மாறாதிருக்கும். நன்கு முதிர்ந்த கொம்புச்சாணமோ கருத்து, நாற்றமின்றி இருக்கும். மேட்டுநிலத்தில் வடிகாலுடன் குழி அமைப்பது, ஐரோப்பிய உழவர்க்கு நற்பழக்கம். நமக்கு அதுவே முதல் தேவை.

பொருள்களின் பெயர்ப்பிலும் எச்சரிக்கை வேண்டும். 508 எனப்படும் ஹார்ஸ்டெயில் பூண்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குதிரைவாலி என்றாகும். அதுவோ நம் சிறுதானியம். அப்பூண்டிற்கு மாற்றாக இந்தியாவில் பயன்படுவது சவுக்கு.

ராசியும் நிலவின் செலவும்

இரண்டாவது கணக்கு மரியா துன் (1922–2012) தம் விதைப்புச் சோதனைகளிலிருந்து வகுத்தது. நிலவு நில ராசிகளில் நிற்கும் நாள் வேருக்கும், நீர் ராசிகளில் இலைக்கும், காற்று ராசிகளில் பூவுக்கும், நெருப்பு ராசிகளில் கனிக்கும் உரியன என்பது அதன் சாரம். நிலவு கன்னியில் நிற்பது சைலேசியாவுக்கும் தஞ்சைக்கும் ஒன்றே. மூன்று கணக்குகளுள் இஃதொன்றே இடத்தால் மாறாதது. ஆயினும் துன் கொண்டவை வானில் தோன்றுமாறு அளவில் ஒவ்வாத விண்மீன் கூட்டங்கள்; நம் பஞ்சாங்கத்தின் ராசிகள் சமமான முப்பது பாகைகள். எல்லைநாள்களில் இரண்டும் முரண்படும்.

மூன்றாவது, நிலவின் ஏற்றமும் இறக்கமும். இது வளர்பிறை, தேய்பிறை அன்று. கதிரவன் ஓராண்டில் வடக்கும் தெற்குமாகச் செல்வதுபோல நிலவு ஏறத்தாழ 27 நாள்களில் சென்று மீள்வதே இது. இதனைப் பஞ்சாங்கத்தின் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் ஆகியவற்றோடு ஒன்றெனக் கூறுவது கருத்தரங்குகளில் நான் பலமுறை கேட்ட பிழை. மேல்நோக்கு நாள் விண்மீன்வழி வகுக்கப்பட்டது. உத்திரம் மேல்நோக்கு, ஆனால் நிலவு அங்கு நிற்கையில் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். பரணி கீழ்நோக்கு, அப்போது நிலவு வடக்கே ஏறிக்கொண்டிருக்கும். நாற்று நடுவதற்கு உயிராற்றல் முறை பரிந்துரைப்பது இறங்குகாலத்தை. ஆதலால் இவ்விரண்டையும் குழப்பும் உழவர் பரிந்துரைக்கு நேரெதிரான நாளில் நடக்கூடும்.

மேலும், 'ஏற்றம்' என்பது ஐரோப்பியக் கண்ணுக்குத் தோன்றுவது. பத்துப் பாகை வட அகலாங்கில் நிற்பவர்க்கு, வடக்கே செல்லும் நிலவு உச்சியைத் தாண்டியபின் வடவானில் தாழவே செய்யும். இதனால் 'வடசெலவு', 'தென்செலவு' என்னும் பெயர்களே இங்குப் பொருந்துவன என்பது என் கருத்து.

பயன் பற்றிய சான்று

சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்னுமிடத்தில் 1978 முதல் நடைபெறும் நெடுங்கால ஒப்பீட்டின் 2002ஆம் ஆண்டு அறிக்கை இங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதன்படி, உயிராற்றல் முறையை உள்ளிட்ட அங்கக முறைகளில் விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தது. உரப்பயன்பாடு 34 முதல் 53 விழுக்காடும், பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 97 விழுக்காடும் குறைந்தன. ஆயின் அவ்வாய்வு ஒப்பிட்டது முழு வேளாண்முறைகளை. மட்கு உரத்தின் விளைவு எது, கொம்பின் விளைவு எது, நாள்கணக்கின் விளைவு எது எனப் பிரித்தறிய அதன் அமைப்பு இடந்தராது. எனவே அவ்வெண்களைப் பருவக் கணக்கிற்கோ ராசிக் கணக்கிற்கோ சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. தமிழ்நிலத்திற்கான சோதனையை வகுப்போர், கூதிரில் புதைத்த கொம்பையும் கோடையில் புதைத்த கொம்பையும் ஒரே வயலில், ஒரே மட்கு உரத்துடன் ஒப்பிடுவதிலிருந்து தொடங்கலாம்.