நெல்லும் பதரும்

களத்தில் குவிந்து கிடப்பதெல்லாம் நெல்லன்று. முற்றிய மணிகளோடு அரைகுறையாக முற்றிய கருக்காயும், உள்ளீடற்ற பதரும் கலந்தே இருக்கும். பூக்கும் பருவத்தில் நீர் குறைந்தாலும், வெப்பம் மிகுந்தாலும் பதர் பெருகும். பால் பிடிக்கும் பருவத்தில் கதிர்நாவாய்ப் பூச்சி பாலை உறிஞ்சிவிட்டாலும் மணி பதராகும்.

இவற்றைப் பிரிக்க நம் முன்னோர் கண்ட எளிய வழி தூற்றுதல். உயரத்திலிருந்து நெல்லைச் சீராகச் சரியவிட்டால், கனத்த மணி காலடியில் விழும். கருக்காய் சற்று விலகி விழும். பதரும் தூசும் காற்றோடு போகும். இன்று அறுவடை இயந்திரமே இவ்வேலையைச் செய்கிறது. ஆயினும் அதன் காற்றாடியின் வேகத்தை அளவாக வைத்தல் வேண்டும். வேகம் குறைந்தால் பதர் தங்கும். மிகுந்தால் நல்ல நெல்லும் பறந்துபோகும்.

விதை நெல்லுக்குத் தூற்றுதல் மட்டும் போதாது. ஒரு வாளி நீரில் புதிய கோழி முட்டையை இட்டால் அது அமிழும். முட்டை மிதந்து, பழைய நாலணா அளவு மேலே தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். அந்நீரில் விதையை இட்டு, மிதப்பவற்றை நீக்கிவிட வேண்டும். வெறும் நீரில் அமிழும் கருக்காய்கூட உப்பு நீரில் மிதந்துவிடும். அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுதல் இன்றியமையாதது. உப்புத் தங்கினால் முளைப்புக் கெடும்.

விற்பனையிலும் இதே கவனம் தேவை. அரசுக் கொள்முதலுக்கான பொது வரம்புகள் இவை: மண், கல் முதலியன 1 விழுக்காடு, பதர், வைக்கோல் துணுக்கு முதலியன 1 விழுக்காடு, முற்றாத, சுருங்கிய மணிகள் 3 விழுக்காடு, ஈரம் 17 விழுக்காடு. களத்தில் விடுபட்ட பதர், கொள்முதல் நிலையத்தில் உழவருக்குக் காத்திருப்பையும் இழப்பையும் தரும். எனவே ஊருக்குப் பொதுவான உலர்களம் அமைப்பதும், இருப்பதைச் செப்பனிடுவதும் பஞ்சாயத்தின் தலையாய பணிகளுள் வைக்கத்தக்கவை.

பயனற்ற சொல்லைப் பாராட்டுபவனை மக்களுள் பதர் என்றே கொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. தூற்றுதல் என்ற சொல்லுக்குப் பழி கூறுதல் என்ற பொருளும் உண்டு. கிராம சபையில் நமக்கு வேண்டியது களத்துத் தூற்றுதலே. உரத்துச் சொல்லப்பட்டது எது, ஊருக்கு உண்மையில் தேவையானது எது என்று பிரித்தறிந்து தீர்மானம் இயற்றுவோமாக. விதையாயினும் தீர்மானமாயினும், கனமுள்ளதே முளைக்கும்.