லண்டன் கழித்துப்போட்ட குழல்... அயர்லாந்து கிராமங்கள் கொடுத்த மூச்சு!

'ஐரிஷ் ஃப்ளூட்' என்றுதான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால், இன்று அயர்லாந்தில் ஒலிக்கும் அந்த மரக்குழலின் வடிவம் அங்கே பிறந்ததல்ல. 19-ம் நூற்றாண்டு லண்டனில், கச்சேரி மேடைகளுக்காகக் கடைசல் பிடித்துச் செய்தது. 'ருடால் அண்ட் ரோஸ்' போன்ற கம்பெனிகள் வசதியானவர்களுக்காக, வெள்ளியில் எட்டு 'கீ' பொருத்தி விற்ற விலையுயர்ந்த வாத்தியம்!

அது எப்படி அயர்லாந்தின் குடிசைக்குள் வந்தது? காரணம், ஒரு ஜெர்மானியர். முனிச் நகரத்து தியோபால்ட் போம், 1831-ல் லண்டன் வந்தபோது சார்லஸ் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயரின் வாசிப்பைக் கேட்டார். பெரிய துளைகள் கொண்ட நிக்கல்சனின் குழலிலிருந்து வந்த கனமான நாதம் போமைத் தூங்கவிடவில்லை. ஊர் திரும்பி வாத்தியத்தையே அடியோடு மாற்றினார். அவர் 1847-ல் வடிவமைத்த உலோகக் குழலின் வாரிசுகள்தான் இன்றைய ஆர்க்கெஸ்ட்ராக்களில் இருக்கின்றன.

புதுசு வந்தால் பழசு என்ன ஆகும்? அடகுக்கடைக்கும் பழைய சாமான் கடைக்கும் போனது. அங்கிருந்து சல்லிசான விலைக்கு விவசாயிகள், கூலித் தொழிலாளிகள் கைக்கு வந்தது. சில குழல்களில் 'கீ' உடைந்திருக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் என்ன? கிராமத்து நடன மெட்டுகளுக்கு விரலால் மூடும் ஆறு துளைகளே போதும். 'கீ'யைத் தொடாமலேயே ஆயுசுக்கும் வாசித்தவர்கள் உண்டு.

இந்தக் குழல் வேர்பிடித்த இடம், அயர்லாந்தின் வடமேற்கில் இருக்கும் ஸ்லைகோ, லெய்ட்ரிம், ராஸ்காமன் மாவட்டங்கள். அங்கே 'ரீல்', 'ஜிக்' என்று ஆட்டத்துக்கான மெட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் நிறுத்தமே கிடையாது. வயலின்காரருக்குப் பிரச்னை இல்லை. குழல்காரர் எங்கே மூச்சு வாங்குவது?

ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார்! அந்தச் சின்ன இடைவெளியில் மூச்சை இழுத்துக்கொண்டு, அடுத்த ஸ்வரத்தை வயிற்றிலிருந்து ஓர் உந்து உந்துவார். விட்ட இடமே தாளமாகிவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதாமல், மேலே ஒரு விரலைச் சட்டென்று தூக்கி, கீழே ஒரு விரலால் தட்டி உடைக்கும் 'ரோல்' என்ற அலங்காரமும் உண்டு. ஆனால், அழகு என்னவோ அந்த மூச்சில்தான்.

அதை முதலில் உலகம் கேட்டது ஜான் மெக்கென்னாவிடம். 1880-ல் லெய்ட்ரிமில் பிறந்தவர். பிழைக்க வழி தேடி நியூயார்க் போய், அங்கே தீயணைப்பு வீரராக வேலை பார்த்தார். 1920-களிலும் 30-களிலும் அவர் வாசித்த இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அந்தத் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பின. வேலைக்காகப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காலியாகிக்கொண்டிருந்த லெய்ட்ரிம், தன் பாணியைத் தானே கிராமபோனில் கேட்டுக் கற்றுக்கொண்டது. இதே பகுதியில், அரிக்னா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே குழல் ஊதியவர் பேக்கி டிக்னன். தூசியோடு மல்லுக்கட்டிய நுரையீரலில் அவ்வளவு காற்று!

இன்றைக்குப் பெரிய பெயர், மேட் மொலாய். 1947-ல் ராஸ்காமனில் பிறந்தவர். ஐரிஷ் பைப்பின் விரல் நுணுக்கங்களைக் குழலுக்குக் கொண்டுவந்தார். 1979-ல் 'தி சீஃப்டன்ஸ்' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு 1983-ல் சீனப் பெருஞ்சுவரிலேயே வாசித்தது. வெஸ்ட்போர்ட் ஊரில் அவர் பெயரிலேயே ஒரு மதுக்கடை இருக்கிறது. இசைக்காகவே தேடிப்போகும் கூட்டம் அங்கே உண்டு. பெண்களில் முக்கியமானவர் கேத்தரின் மெக்எவாய். பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். ஊதுவது சுத்தமான ராஸ்காமன் பாணி.

இப்போதைய கவலை, மரம். நல்ல குழல்கள் பெரும்பாலும் தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் கரு மரத்தில்தான் செய்யப்படுகின்றன. நிறத்தைப் பார்த்துக் கருங்காலி என நினைக்க வேண்டாம். அது நம் நீலகிரி ஈட்டி மரத்தின் தாயாதி. முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். 2017-ல் இந்த மரக் குடும்பம் முழுவதற்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்ததும், குழலோடு விமானம் ஏறுவதற்கே கலைஞர்கள் யோசித்தார்கள். 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. வெட்டிய மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

அதனால் சில கைவினைஞர்கள் 'டெல்ரின்' என்ற பிளாஸ்டிக்கில் கடைகிறார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் வெடிக்காது, எண்ணெய் பூசும் வேலை இல்லை, விலையும் குறைவு. பிள்ளைகளோ அதைவிட மலிவான தகர விசிலில் ஆரம்பிக்கிறார்கள். ஆறு துளை, அதே விரல் கணக்கு. கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973 முதல் நடக்கும் வில்லி க்ளான்சி கோடைப் பள்ளிக்கு, ஜூலை பிறந்தால் விசிலும் குழலுமாக வந்துவிடுகிறார்கள். ஆசிரியர் ஒரு வரி ஊத, கேட்டுக்கொண்டு அதையே திருப்பி ஊதுகிறது வகுப்பு.