மேல்வாரம் 30!

"வீட்டிலே உட்கார்ந்து ஒரு மரம் செய், ஆயிரம் பேருக்கு அதை விற்றுக் காசாக்கு!" என்று இளைஞர்களின் காதிலே இனிக்க இனிக்க ஓதுகிறார்கள் இன்று.

மரமா? ஆம், மரந்தான்! வெட்டினால் விறகாகாத மரம்; வெயிலுக்கு நிழல் தராத மரம். கணினி விளையாட்டிலே காடு காட்டவேண்டுமா, அதற்கென ஒருவர் செய்து வைத்திருக்கும் மரம். மரம் மட்டுமா? மாளிகை, குதிரை, கூர்வாள், காலடி ஓசை, கதவு திறக்கும் கிறீச்சொலி எல்லாமே அங்கே சரக்கு. அசெட் என்று பெயர். ஒருவர் செய்வார், உலகெங்கும் விளையாட்டு உருவாக்குவோர் வாங்கித் தத்தம் விளையாட்டிலே பொருத்திக்கொள்வர். வாங்கியவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை. அப்படியே மறுபடி விற்கும் உரிமை அல்ல.

நல்லதுதான் தோழர்களே! உழைப்பாளியின் பொருள் உலகெங்கும் விலைபோவதை நாம் ஏன் வெறுக்கப்போகிறோம்? ஆனால், சந்தை யாருடையது, சுங்கம் எவ்வளவு என்று கேட்காமல் இருக்க நம்மால் ஆகாது!

யூனிட்டி என்ற கம்பெனி 2010-இல் அங்காடி திறந்தது. 100 டாலருக்கு விற்றால் செய்தவருக்கு 70, கடைக்கு 30. குடிவாரம் 70, மேல்வாரம் 30! எபிக் கேம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, தன் அன்ரியல் எஞ்சினுக்காக 2014-இல் கடை விரித்தபோதும் அதே கணக்குத்தான்.

ஒருமுறை செய்தால் போதும், ஓயாமல் பணம் வரும் என்பதும் பாதி உண்மையே. எஞ்சினின் புதுப் பதிப்பு வரும். பழைய சரக்கு அதிலே பொருந்தாமல் முரண்டு பிடிக்கும். மறுபடி உட்கார்ந்து திருத்தவேண்டும். "வேலை செய்யவில்லையே!" என்று வாங்கியவர் நள்ளிரவிலே எழுதுவார், பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல, கண் எரிய விழித்திருந்து செய்தவர்!

2018 ஜூலையிலே ஒரு விந்தை நடந்தது. எபிக் தன் பங்கை 12 ஆகக் குறைத்தது! 20 டாலர் மரத்துக்கு 14 டாலர் பெற்றவர், 17 டாலர் 60 சென்ட் பெற்றார். நூறு முறை விற்றால் 360 டாலர் கூடுதல். அதோடு நின்றதா? 2014-இன் முதல் விற்பனை வரை பின்னோக்கிச் சென்று, வித்தியாசத்தைக் கணக்கிட்டு விற்றவர்களுக்கு வழங்கியது.

வள்ளலோ என்று வியக்கவேண்டாம். 2017-இல் வந்த ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு, அக்கம்பெனிக்குப் பணமாகக் கொட்டிக்கொண்டிருந்த வேளை அது. சரக்கு செய்வோர் பெருகினால் எஞ்சினுக்குத்தானே மதிப்பு! எப்படியாயினும் நமக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. 12-ஐ வைத்துக் கடை நடத்த முடியுமென்றால், மீதி 18 எந்த வேலைக்குக் கூலி?

அந்தக் கடை 2024 அக்டோபரில் ஃபாப் என்ற அங்காடியாயிற்று. செய்பவரின் 88 மாறவில்லை. இட்ச்.ஐஓ என்றொரு தளமோ, தனக்கு எத்தனை விழுக்காடு என்பதை விற்பவரே குறிக்கட்டும் என்கிறது. சுழி போட்டாலும் சரியாம்!

ஆனால் ஒன்று. எபிக் தந்தது தானாகத் தந்தது. கூட்டாகப் பேசிப் பெற்ற ஒப்பந்தமல்ல. கொடுத்த கை நாளை எடுத்தால்? விற்போர் நாட்டுக்கொருவராய், முகமறியாதவராய்ச் சிதறிக் கிடக்கிறார்கள். ஆலை வாயிலிலே கூடி முழங்கலாம் என்றால், அங்கே வாயிலே இல்லையே!

ஆயினும் 2023 செப்டம்பரை நினைவூட்டுகிறோம். குறிப்பிட்ட வருவாயைத் தாண்டிய விளையாட்டு புதிதாக நிறுவப்படும்போதெல்லாம் 20 சென்ட் வரை கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. விளையாட்டு உருவாக்குவோர் நாடு கடந்து கொதித்தெழுந்தனர். அதே மாதம் கம்பெனி மன்னிப்புக் கேட்டு விதியைத் தளர்த்தியது; அக்டோபரில் தலைமை நிர்வாகி விலகினார்; 2024 செப்டம்பரில் அக்கட்டணமே கைவிடப்பட்டது.

அன்று எழுந்த குரல் எஞ்சின் கட்டணத்துக்கு எதிராக. யூனிட்டி அங்காடியின் 30 இன்றும் அப்படியே இருக்கிறது.