கத்திக்கு ஒரு சட்டை!

காரைக்காலில் 'கத்தி' என்று வாயைத் திறந்தாலே, "எந்தக் கடை வாசல்ல சார் தகராறு?" என்று சிரிக்கிறார்கள். யூனியன் பிரதேசத்துக்கு இருக்கிற பெயர் அப்படி! என் கத்தி பரம சாது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து பக்தர்கள் இறைக்கும் மாம்பழத்தில் ஒன்றாவது கையில் சிக்கினால் நறுக்க வேண்டாமா? நாலு அங்குலக் கத்திதான். ஆனால் சும்மா பேன்ட் பாக்கெட்டில் போட்டால், பழத்துக்கு முன்னால் தொடை நறுக்கப்பட்டுவிடும்.

ஆகவே, தோல் உறை. அதையும் நானே தைப்பது என்று முடிவு. குருநாதர், தெருவோரம் செருப்புத் தைக்கும் பெரியவர்.

"ஷூவுக்குப் போடற மெத்துத் தோல் வேணாம் தம்பி. பட்டை போட்டுப் பதம் பண்ணின தோலா பாருங்க" என்றார்.

விஷயம் இருக்கிறது. ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதப்படுத்துவது. அது துவளும். பட்டைச் சாற்றில் ஊறிய தோலோ, நனைத்து வளைத்தால் வளைத்தபடியே காய்ந்து நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நம்மூரில் பதப்படுத்திய தோல் அந்தக் காலத்திலேயே கப்பலேறி லண்டன் போயிருக்கிறது.

மூன்று மில்லிமீட்டர் கனத் தோலை மடித்து வெட்டினேன். உடனே தைக்க விடவில்லை பெரியவர். கூர்முனை வருகிற ஓரத்தில், இரண்டு மடிப்புக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டியை வைத்து ஒட்டச் சொன்னார்.

"எதுக்குங்க இது?"

"உறைக்கு எதிரி வெளியில இல்லை தம்பி. உள்ளேயேதான் இருக்கு. இது இல்லேன்னா நாலு நாள்ல தையலை அறுத்துப் போட்டுடும்."

பிறகு குத்தூசியால் துளை. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. எங்காவது ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலுக்கு அந்த விசுவாசம் கிடையாது!

கடைசியாகத் தோலைத் தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியை உள்ளே செருகி, விரலால் அழுத்தி வடிவம் பிடித்து, நிழலில் உலர்த்தல். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடித்துவிடும்.

"இன்னொண்ணு. உறை எடுத்துட்டுப் போறதுக்குத்தான். வீட்டுல வெளியே எடுத்து வெச்சிடுங்க. இந்தக் கடல் காத்துக்குத் தோல் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும்."

நாற்பது தையலுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுசாகப் போயிற்று. இரண்டு விரலில் கொப்புளம். பி.காம். மூளை சும்மா இருக்குமா? என் ஆபீஸ் சம்பளக் கணக்கில் கூலி போட்டுப் பார்த்தால், உறையின் விலை கத்தியைப் போலப் பல மடங்கு!

தென்னாப்பிரிக்காவில் காந்திஜி கையால் செய்து கொடுத்த செருப்பை, அவரைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸ் பல வருஷம் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று 1939-ல் எழுதினார்.

நமக்கு அவ்வளவு பணிவு வேண்டாம். அறுந்த செருப்போடு போய், "ரெண்டு தையல்தானே, அஞ்சு ரூபா குறைச்சுக்கப்பா" என்று சொல்வதற்கு முன், ஒரே ஒரு தையல் போட்டுப் பாருங்கள் சார். பேரம் தொண்டையிலேயே நின்றுவிடும்.