கிராம பஸ் நின்றுபோகாமல் காப்பது எப்படி?

பூந்தமல்லி, ஆவடி, திருநின்றவூர் சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் கீரை, காய்கறி, மல்லிகை பயிரிடும் சிறு விவசாயிக்கு விடியற்கால பஸ், விதையும் உரமும் போல ஓர் அவசியத் தேவை. கீரை வெயில் ஏறுமுன் சந்தை சேர வேண்டும். மல்லிகை மொட்டு விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடும்.

பஸ் நின்றால் ஏற்படும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 கட்டுக் கீரையை ஏற்றிச் செல்ல ஆட்டோ வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டுக்கு 3 ரூபாய் வழியிலேயே போய்விடுகிறது.

2020-ம் ஆண்டு மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நம் பகுதிக்குச் சந்தை வாசலுக்கே வந்தது. ஆனால் சென்னையில் பஸ்கள் மீண்டும் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1-ந் தேதிதான். அதுவரை சொந்த வண்டி இல்லாதவர்கள் வாடகை வண்டியையே நம்ப வேண்டியிருந்தது. சந்தை அருகில் இருந்தாலும் போய்ச் சேர வழி வேண்டும்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

பிரதான சாலையில் ஓடும் பஸ்ஸில் கூட்டம் நிரம்புகிறது. உள் கிராமத்துக்கு வரும் நடையில் வசூல் குறைவு. வண்டியோ டிரைவரோ பற்றாக்குறையானால் வசூல் குறைந்த நடைக்கே முதலில் ஆபத்து. தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடை காய்வது போலத்தான் இதுவும். ஆகவே, நம் ஊர் நடைக்கு ஆள் உண்டு என்பதைக் கணக்கில் காட்ட வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. டிக்கெட் கேட்டு வாங்குங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வழங்குகிறது. ஆகவே பெண்கள் கட்டணமில்லா டிக்கெட்டைத் தவறாமல் பெற வேண்டும். டிக்கெட் இல்லாத பயணம் கணக்கில் ஏறாது. சுமைக்கும் உரிய டிக்கெட் வாங்குங்கள்.

2. ஒரு நோட்டில், இரண்டு வாரத்துக்குக் குறித்து வாருங்கள்: பஸ் வந்த நேரம், வராத நாள், ஏறியவர் எத்தனை பேர், மாணவர் எத்தனை, சுமை எத்தனை.

3. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை கூடும் நாட்கள். மாநகராட்சி, நகராட்சியில் சேர்ந்த ஊரார் வார்டு கவுன்சிலரை அணுகலாம்.

4. தீர்மான நகலையும் நோட்டுக் கணக்கையும் இணைத்து, போக்குவரத்துக் கழகப் பணிமனை மேலாளருக்கு மனுக் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது பெறுங்கள். "பஸ் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த நடை, எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள்.

5. பஸ் திரும்பும் இடத்தில் வைக்கோல், விறகு அடுக்காதீர்கள். தாழ்ந்த மரக்கிளைகளை ஊராட்சி மூலம் வெட்டிவிடச் சொல்லுங்கள். சாலை சரியில்லை என்ற காரணத்துக்கு நாம் இடம் தரக்கூடாது.

வேறு வழிகளும் உண்டு

கேரளத்தில் 2022-ல் 'கிராம வண்டி' திட்டம் தொடங்கியது. டீசல் செலவை உள்ளாட்சி மன்றம் ஏற்க, அரசுப் போக்குவரத்துக் கழகம் பஸ் ஓட்டுகிறது. நம் மாநிலத்தில் 1997-ல் வந்த மினி பஸ் திட்டம் 2025-ல் விரிவாக்கப்பட்டது. வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். பெரிய பஸ் நுழைய முடியாத ஊரார் இதைக் கேட்கலாம்.

"எல்லா வீட்டிலும் இருசக்கர வாகனம் இருக்கிறதே" என்பார்கள். களை எடுக்கவும் பூப் பறிக்கவும் வரும் பெண்களுக்கும், முதியவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பஸ்தான் வண்டி. நின்றுபோன நடையைத் திரும்பப் பெறுவது கடினம். ஓடிக்கொண்டிருக்கும்போதே நோட்டைத் திறந்து எழுதத் தொடங்குங்கள்.